அத்தையின் ஜெர்மன் காருக்கு பேட்டரி பார்த்தோம்

என் அன்பு அத்தைக்கு,

காட்டூரிலிருந்து உங்கள் மருமகள் மெர்சி. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உங்கள் கார் ஓடுகிறது. இன்று சாயங்காலம் நான்தான் ஓட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தினேன். கையில் இன்னும் ஸ்டியரிங்கின் தோல் வாசம் இருக்கிறது, கழுவ மனம் வரவில்லை.

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் வருஷத் திருப்பலி அன்றுகூட நான் உங்களோடு சரியாகப் பேசவில்லை. வந்தவர்களுக்கு காபி கொடுத்தே பொழுது போய்விட்டது. அதனால் இதை எழுதி நம் கோவிலின் பங்கு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். ஊரே படிக்கட்டும். பல் டாக்டர் ஸ்டெல்லாவின் காரைப் பற்றி இந்த ஊருக்குத் தெரியாதது எதுவும் இல்லையே.

அறுபத்திரண்டு வயதில், கிளினிக்கை மூடிய கையோடு சென்னைக்குப் போய், யாரோ ஒரு கம்பெனி முதலாளி ஓட்டி அலுத்த ஜெர்மன் காரை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். சொந்தக்காரர்கள் என்ன பேச்சு பேசினார்கள். "வயசான காலத்துல டாக்டரம்மாவுக்கு என்ன ஆசை பாரு" என்று உங்கள் காது படவே சொன்னார்கள். நீங்கள் கோபப்படவே இல்லை. "நாப்பது வருஷம் அடுத்தவங்க வாயைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இனிமே ரோட்டைப் பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருகினீர்கள்.

மாமா அதற்கு யானை என்று பெயர் வைத்தார். கட்டித் தீனி போட்டு மாளாது என்பது அவர் கட்சி. ஆனால் அந்த யானையின் மேல் ஏறி இடது பக்கம் உட்காருகிற முதல் ஆளும் அவர்தான். நீங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். "பாத்து, பாத்து. லாரி வருது. பிரேக், பிரேக்." நீங்கள் திரும்பிப் பார்க்காமலே, "வண்டி ஓட்டுறது நானா, நீங்களா?" என்பீர்கள். பின் சீட்டில் உட்கார்ந்து நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தஞ்சாவூர் போனாலும் சண்டை, எடமலைப்பட்டி புதூரில் உங்கள் தங்கை வீட்டுக்குப் போனாலும் அதே சண்டை.

நீங்கள் போன பிறகு மாமா பேச்சையே குறைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்து போவார், நடந்து வருவார், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் டி.வி. ஒரு பக்கம் ஓடும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் சின்னக் காரில் ஏறச் சொன்னால் முட்டி இடிக்கிறது என்பார். உங்கள் மகனோ மஸ்கட்டில். வீட்டில் நானும் அவரும் மட்டும். எழுபத்தெட்டு வயது மனிதரிடம், எழுந்து வாங்க மாமா, வெளியே போகலாம் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

காரையும் யாரும் தொடவில்லை. துணி போர்த்திய இடத்திலேயே நின்றது. ஒரு நாள் நான் ரிமோட்டை அமுக்கிப் பார்த்தேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பேட்டரி செத்துப் போயிருந்தது.

அதை மாமாவிடம் சொன்னது வினையாகிவிட்டது. மறுவாரமே ஸ்ரீரங்கத்தில் ரங்கராஜன் என்று ஒருவருக்கு காரை விற்பதாகப் பேசிவிட்டார். உங்களிடம் பல் கட்டிக்கொண்டவராம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை லீவில் வரும்போது ஓட்ட நல்ல காராகத் தேடிக்கொண்டிருந்தாராம். சனிக்கிழமை காரை அவர் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டுவதாக மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். "ஓட்டுறவ போயிட்டா. வண்டி எதுக்கும்மா?" என்றார் என்னிடம்.

எனக்கு அது பிடிக்கவில்லை, அத்தை. கார் போவது பற்றியில்லை. அதுவும் போய்விட்டால் இந்த மனிதர் வாசல்படி தாண்டுவதற்கு இந்த வீட்டில் ஒரு காரணமும் மிச்சம் இருக்காதே என்றுதான். ஆனால் அது அவருடைய பெண்டாட்டியின் கார். நான் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்ல?

விற்பதென்றாலும் அது ஓட வேண்டுமே. எனவே பாலக்கரையில் சலீம் பாய் கடைக்கு பேட்டரி பார்க்கப் போனோம். மாமா என் காரில் முட்டி இடிக்க உட்கார்ந்து வந்தார். உங்கள் காருக்கு பேட்டரி பார்ப்பது மாப்பிள்ளை பார்ப்பதைவிடப் பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உயரம் பொருந்த வேண்டுமாம், அகலம் பொருந்த வேண்டுமாம். பிளஸ் முனை சரியான பக்கத்தில் இருக்க வேண்டுமாம். பிறந்து அதிக மாசம் ஆகியிருக்கக் கூடாதாம். இது போதாதென்று உங்கள் மகன் மஸ்கட்டிலிருந்து போன் போட்டு, நெட்டில் படித்ததையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். நான் போனை சலீம் பாயிடம் கொடுத்துவிட்டேன். அவர் "ஆமா தம்பி, ஆமா தம்பி" என்று கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படியே செய்தார்.

மாமா ஒரு மூலையில் இருந்த சாதாரண பேட்டரியைக் காட்டினார். "இதைப் போடுங்க பாய். ஸ்ரீரங்கம் வரைக்கும் போனா போதும்."

"அது இந்த வண்டிக்கு ஆகாது சார். இது சிக்னல்ல நின்னா தானா அணைஞ்சு, தானா கிளம்புற வண்டி. ஒரு ட்ரிப்புல பத்து தடவை அணைஞ்சு கிளம்பும். ஏஜிஎம் பேட்டரிதான் அதைத் தாங்கும்."

"தாங்க வேணாம் பாய். வித்துடப் போறோம்."

சலீம் பாய் தன் கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பல்லுக்கு டாக்டரம்மாதான் வேர் சிகிச்சை பண்ணாங்க. சும்மா அடைச்சு விடுங்கம்மான்னு கேட்டேன். ஏன் பாய், நாலு மாசத்துல என்னைத் திட்டவான்னு கேட்டாங்க. அவங்க வண்டிக்கு நான் மட்டமானதைப் போடறதா? வேணாம் சார்."

சலீம் பாயே வழியும் சொன்னார். பேட்டரியைச் சார்ஜ் போடக் கொடுப்பவர்களுக்கு அதுவரை சமாளிக்க என்று ஒரு இரவல் பேட்டரி கொடுப்பார்கள் இல்லையா, அந்த ஸ்டாண்ட்பை ஒன்றை மாட்டித் தருகிறேன் என்றார். கார் கைமாறினால் அதைக் கழற்றிக்கொள்வாராம், வாங்குபவர் தன் விருப்பத்துக்கு வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். "மனசு மாறி நீங்களே வெச்சுக்கிட்டா, திரும்பி வாங்க. நல்லதா ஒண்ணு எடுத்து வைக்கிறேன்" என்றார். அந்த 'மனசு மாறி'யைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். நல்ல மனிதர்.

இன்று, சனிக்கிழமை காலை, சலீம் பாய் வீட்டுக்கு வந்தார். இனி நடந்ததை நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அந்தக் காருக்கு பேட்டரி டிக்கியில் இருக்கிறது. டிக்கி திறக்க கரண்ட் வேண்டும். கரண்டுக்கு பேட்டரி வேண்டும். ஜெர்மன்காரர்கள் என்ன நினைத்து இப்படிச் செய்தார்களோ. ரிமோட்டுக்குள் ஒளிந்திருந்த குட்டிச் சாவியால் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கி, அங்கிருந்த முனைகளுக்கு என் சின்னக் காரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்த பிறகுதான் டிக்கி வாயைத் திறந்தது. என் காரைத் தீப்பெட்டி என்று சொல்வீர்களே, அந்தத் தீப்பெட்டிதான் யானைக்கு உயிர் கொடுத்தது. இதை நான் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

பழைய பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்தாயிற்று. ஸ்டாண்ட்பையை டிக்கிக்குள் இறக்கியாயிற்று. ஒயரை மாட்டுவதற்கு ஸ்பானர் எடுக்க சலீம் பாய் குனிந்தார். அந்த நேரம் பார்த்து கோவிலில் பன்னிரண்டு மணி அடித்தது.

உங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியாதா? மூவேளைச் செபத்துக்கு மணி அடித்தால் திறந்து கிடப்பது எதுவானாலும் மூடிவிட வேண்டும். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும் பேஷண்டிடமே, "ஒரு நிமிஷம் வாயை மூடிக்குங்க" என்று சொல்லிவிட்டுச் செபம் சொன்னவர் நீங்கள். அந்தப் பழக்கத்தை மாமா இன்னும் விடவில்லை. கிடுகிடுவென்று வந்தார். திறந்து கிடந்த டிக்கியை மரியாதையாக இரண்டு கையாலும் மூடினார். சிலுவை போட்டுக்கொண்டார். ஆண்டவருடைய தூதர் என்று ஆரம்பித்துவிட்டார்.

நானும் கண்ணை மூடிக்கொண்டேன். இடையில் லேசாகத் திறந்து பார்த்தால், சலீம் பாய் ஸ்பானரும் கையுமாக நிற்கிறார். மாமாவின் கை போவதை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் ஒருவர் செபத்துக்கு நிற்கும்போது குறுக்கே பேசலாமா? தொழுகைக்காரர், பேசவில்லை. முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது.

ஆமென் சொன்ன பிறகு மெதுவாகச் சொன்னார். "சார், கரண்ட் இல்லாம டிக்கி திறக்காது."

"ஆமா, காலையிலயே சொன்னீங்களே. பேட்டரியை மாட்டிடுங்க, திறந்துக்கும்."

"பேட்டரி டிக்கிக்குள்ள இருக்கு சார்."

மாமா டிக்கியைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அடக்க முடியவில்லை, அத்தை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். சலீம் பாய் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "அவ இருந்திருந்தா இன்னிக்கு என்னைக் கொன்னிருப்பா" என்றார். அந்த 'ஓட்டுறவ போயிட்டா'வை விட்டால், ஒரு வருஷத்தில் அவராக உங்களைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. மறுபடி தீப்பெட்டியைக் கொண்டுவந்து, மறுபடி ஒயர் இழுத்து, மறுபடி டிக்கியைத் திறந்தோம். இந்த முறை மாமாவை சலீம் பாய் டிக்கி பக்கமே விடவில்லை.

பட்டனை அமுக்கியதும் ஒரு உறுமல். அந்தச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு டீச்சர் கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். நீங்கள் வந்துவிட்டதாகவே ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டயருக்குக் காற்றடித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் கிளம்பினோம். உங்கள் சீட்டில் நான். சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளக்கூட இல்லை, இரண்டு பேருக்கும் ஒரே உயரம்தானே. மாமா இடது பக்கம் ஏறிப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பால்பண்ணை தாண்டியது, பேச்சில்லை. பாலக்கரை தாண்டியது, பேச்சில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் கார் அணைந்து அணைந்து கிளம்பியது, அப்போதும் பேச்சில்லை. விற்கக் கொண்டுபோகும் மாட்டோடு நடக்கிறவர் மாதிரி இருந்தார்.

காவிரிப் பாலத்தில் ஏறினேன். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. காற்றுக்காக இரண்டு பக்கமும் கண்ணாடியை இறக்கிவிட்டு, உங்களைப் போலவே கொஞ்சம் மிதித்தேன். அத்தை, உங்கள் யானை பறக்கிறது. முன்னால் ஒரு டவுன் பஸ். நான் விலகலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போதே பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பாத்து, பாத்து. பஸ்காரன் நிறுத்துவான். பிரேக், பிரேக்."

நான் பிரேக் போட்டேன். பஸ்காரன் நிறுத்தவே இல்லை, அவன் பாட்டுக்குப் போய்விட்டான். ஆனால் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், "மாமா, வண்டி ஓட்டுறது நானா, நீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வாய் தவறிவிட்டதோ என்று பயந்து திரும்பினால், மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கழுத்து மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார்.

அதற்கப்புறம் வாய் மூடவில்லை. மாம்பழச் சாலையில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், ராஜகோபுரத்துக்கு முன்னால் ஆட்டோக்காரர்கள் எப்படி வளைப்பார்கள், எல்லாவற்றுக்கும் உத்தரவு. ரங்கராஜன் சார் வீடு சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். உள்ளே போவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. முடிவில் கார் திரும்ப இடமில்லை. பின்னாலேயே எடுத்து அவர் வாசலில் ஒட்டி நிறுத்த வேண்டும்.

மாமா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். நடுச் சந்தில் நின்றுகொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டினார். "வரலாம், வரலாம். ரைட்ல ஒடி. இன்னும் ஒடி. நேர் பண்ணு." ஒரு பூக்காரம்மாவின் கூடையை அவரே நகர்த்தி வைத்தார். ஹாரன் அடித்த ஸ்கூட்டர்காரரைப் பார்த்து, "இருங்க, உங்களுக்கு மட்டுமா அவசரம்" என்று ஒரு அதட்டல் போட்டார். சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய முடியாது, அப்படி ஒட்டி நிறுத்த வைத்தார். சந்து முழுக்க வேடிக்கை பார்த்தது. இந்த மனிதரையா நான் ஒரு வருஷமாக வாசல்படி தாண்ட வைக்க முடியாமல் கெஞ்சினேன்?

ரங்கராஜன் சார் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கோ, வாங்கோ. முதல்ல ஆளுக்கு ஒரு வாய் காபி சாப்பிடுங்கோ. வண்டி எங்கேயும் ஓடிடாது" என்றார். காபி வந்தது. காரைச் சுற்றி வந்தார், உள்ளே உட்கார்ந்தார், தோல் சீட்டைத் தடவினார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

பிறகு இறங்கி மாமாவிடம் வந்தார். "சூசை ஸார், ஒண்ணு சொல்லட்டுமா? வண்டி ரொம்ப அழகா இருக்கு. ஆனா இந்தச் சந்துல இதை எடுத்து விட நீங்களும் கூடவே வந்தேள்னா வாங்கிக்கறேன். இல்லேன்னா எனக்குச் சரிப்படாது."

வேடிக்கையாகத்தான் சொன்னார். மாமாவும் வேடிக்கையாகவே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரின் பானெட்டை ஒரு முறை உள்ளங்கையால் துடைத்துவிட்டார். பிறகு கையைக் கூப்பி, "மன்னிச்சுக்குங்க சார். நான் வர முடியாது. மெர்சிக்கு இன்னும் ரிவர்ஸ் சரியா வரலை, நான் கூட இருக்கணும்" என்றார்.

எனக்கு ரிவர்ஸ் நன்றாகவே வரும், அத்தை. உங்களுக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ரங்கராஜன் சார் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மா கட்டின பல் இன்னும் அப்படியே இருக்கு, பாருங்கோ" என்று சிரித்துக் காட்டினார். அவர் மனம் கோணியதாகத் தெரியவில்லை. பிள்ளைக்கு சின்னதாக ஒன்று பார்த்துக்கொள்வாராம்.

திரும்பும்போது மாமாவே சொன்னார், நேரே பாலக்கரைக்குப் போ என்று.

சலீம் பாய் எங்கள் தலையைக் கண்டதுமே ஸ்பானரை எடுத்துக்கொண்டார். இரவல் பேட்டரியைக் கழற்றினார். உள்ளேயிருந்து இரண்டு ஏஜிஎம் பேட்டரிகளைத் தூக்கி வந்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விலையைச் சொல்ல மாட்டேன், கேட்டால் நீங்கள் எழுந்தே வந்துவிடுவீர்கள். கையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் வைத்திருந்தார். அது எதற்கு என்று மாமா கேட்டார்.

"பழைய பேட்டரி போயிடுச்சு, புதுசு வந்திருக்குன்னு வண்டிக்குச் சொல்லணும் சார். சொல்லலைன்னா, பழசுதான் இன்னும் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு அதுக்குத் தக்கபடியே ஓடிக்கிட்டிருக்கும். அது நல்லதில்ல."

மாமா அந்தக் கம்ப்யூட்டரையே பார்த்தார். "சொன்னா ஏத்துக்குமா?"

"ஏத்துக்கும் சார். கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனா ஏத்துக்கும்."

நான் தெருவைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன். உங்களை நினைத்தால் எனக்கு அழுகையே வராது என்று பீற்றிக்கொள்வேனே, அதெல்லாம் பொய்.

பிறகு சலீம் பாய் இரண்டு பேட்டரியின் மேலும் கையை வைத்தார். "இதுக்கு ரெண்டு வருஷ வாரண்டி. இதுக்கு நாலு வருஷம். எதைப் போடட்டும் சார்?"

போன வாரம் இதே கடையில் ஸ்ரீரங்கம் வரைக்கும் போனால் போதும் என்று கேட்டவர். இரண்டு என்று சொன்னாலே எனக்குப் போதும் என்று உங்களிடம்தான் வேண்டிக்கொண்டேன். மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டையும் ஒரு முறை பார்த்தார்.

"நாலுக்கு மேல இருக்கிறது இல்லையா பாய்?" என்றார்.

நாலுக்கு மேல் கம்பெனியே கொடுப்பதில்லையாம். சரி, நாலைப் போடுங்கள் என்றார் மாமா, கொஞ்சம் வருத்தமாகவே.

இதைத்தான் உங்களிடம் சொல்லத் துடித்தேன், அத்தை. வரும் சனிக்கிழமை பச்சைமலை என்று இப்போதே முடிவு செய்துவிட்டார். மலைமேல் மரவள்ளிக்கிழங்கு மலிவாம், மூட்டையாக வாங்கி வர வேண்டுமாம். யானையின் தோல் சீட்டில் கிழங்கு மூட்டையா என்று நீங்கள் கத்துவது எனக்கு இங்கே கேட்கிறது. பழைய போர்வை ஒன்று விரித்துக்கொள்கிறேன், கவலைப்படாதீர்கள்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். உங்கள் காரை இனி ஒரு வாரமும் சும்மா நிற்க விட மாட்டேன், உங்கள் வீட்டுக்காரரையும் விட மாட்டேன். நாலு வருஷம் முடிந்ததும் அடுத்த பேட்டரிக்கு அவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பேரம் பேச வைப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் ரிவர்ஸ் சரியாக வராத உங்கள் மருமகள்,
மெர்சி